முதுமைக்கு முன்கூட்டியே ஒரு கணக்கு: வாசகர் கேள்வி – பதில்

முதியோர் நலத் திட்டங்களின் செலவையும் பலனையும், நடைமுறைக்கு வருமுன்பே கணினியில் ஓட்டிப் பார்க்கும் ‘சிமுலேஷன்’ மாடல்கள் குறித்து வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

2031-ல் தமிழ்நாட்டு மக்களில் 18.2 சதவீதம் பேர் அறுபது வயதைத் தொட்டவர்களாக இருப்பார்கள் என்று மத்திய அரசின் மக்கள்தொகைக் கணிப்பே சொல்லிவிட்டது. அதை வைத்தே ஆஸ்பத்திரி, பென்ஷன் எல்லாவற்றையும் திட்டமிடலாமே? சிமுலேஷன் எதற்கு?
– ஆர்.எஸ்., மன்னார்குடி

பென்ஷனுக்கு அந்தக் கணிப்பு பெரும்பாலும் போதும். அறுபது வயதானவர் எத்தனை பேர் என்று தெரிந்தால், தலைக்கு இவ்வளவு என்று பெருக்கிவிடலாம். 2011 சென்சஸில் 10.4 சதவீதமாக இருந்தது இருபதே ஆண்டில் 18.2 ஆகிறது என்பதே நிதித்துறைக்குப் பெரிய செய்திதான்.

ஆனால் அந்தக் கணிப்புக்குத் தெரிந்தது வயதும் பாலினமும் மட்டுமே. குளிக்க ஆள் உதவி வேண்டியவர் எத்தனை பேர், பக்கவாதத்துக்குப் பிறகு பிசியோதெரபி தேவைப்படுபவர் எத்தனை பேர் என்று கேட்டால் அதனிடம் பதில் கிடையாது. உடனே பலரும் ஒரு குறுக்கு வழியில் போகிறார்கள்: இன்று 75 வயதுக்காரர்களில் இத்தனை சதவீதம் பேருக்கு மறதி நோய்; 2040-ல் 75 வயதுக்காரர்கள் இத்தனை லட்சம் பேர்; இரண்டையும் பெருக்கு. தவறு இங்கேதான் நுழைகிறது. 2040-ல் 75 வயதாகப் போகிறவர் இன்றைய 75 வயதுக்காரரின் நகல் அல்ல. கூடுதலாகப் படித்தவர். பிபி மாத்திரையை ஐம்பது வயதிலேயே ஆரம்பித்தவர். எடையும் கூடுதலாக இருக்கலாம்.

இந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது என்பதற்கு ஜப்பானைப் பாருங்கள். அங்கே முதுமை கூடக் கூட மறதி நோயாளிகள் பெருகிக்கொண்டே போவார்கள் என்பதே பெருக்கல் கணக்கின் பதில். டோக்கியோ, ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2022-ல் வெளியிட்ட மைக்ரோசிமுலேஷன் (ஆள் ஆளாக ஓட்டிப் பார்க்கும் சிமுலேஷன்), ஒவ்வொரு தலைமுறையின் உடல்நலமும் படிப்பும் மாறுவதைக் கணக்கில் சேர்த்தது. 2016-ல் சுமார் 51 லட்சமாக இருந்த எண்ணிக்கை 2043-ல் சுமார் 46.5 லட்சமாகக் குறையும் என்றது அது. கூடவே, குறைந்த படிப்புள்ள, 75 வயதைக் கடந்த பெண்களிடம் சுமை குவியும் என்றும் காட்டியது. அந்த இரண்டாவது செய்தி, திட்டம் போடுகிறவருக்கு முதலாவதைவிடப் பயன்படும்.

இங்கிலாந்தில் விடை வேறு பக்கம் போனது. நியூகாசில் பல்கலைக்கழகத்தினர் உருவாக்கிய ‘பேக்சிம்’ என்ற மாடலின் 2018 கணிப்பில், 65 வயதுக்கு மேற்பட்டவர்களில் நான்கு அல்லது அதற்கு மேல் நோய்கள் உள்ளவர்கள் 2015-ல் 9.8 சதவீதம், 2035-ல் 17 சதவீதம். நோய்க்கு ஒரு டாக்டர் என்று பிரித்து வைத்திருக்கும் ஆஸ்பத்திரிக்கு இது நேரடியான எச்சரிக்கை.

இந்த மாடலுக்குள் என்னதான் நடக்கிறது? ஒரே ஒரு ஆளை எடுத்துக்கொண்டு சொல்ல முடியுமா?
– வாசகி, பாளையங்கோட்டை

அப்படிக் கேட்பதுதான் சரி. 1957-ல் கை ஆர்கட் என்ற பொருளியலாளர் முன்வைத்த யோசனையும் அதுவே: சமூகத்தை ஒரு மொத்தமாகப் பார்க்காமல், ஆள் ஆளாகக் கணினியில் நடத்திப் பார்ப்பது.

நன்கு அறியப்பட்ட ஓர் உதாரணம், ‘ஃப்யூச்சர் எல்டர்லி மாடல்’. முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிக்கேரின் எதிர்காலச் செலவைக் கணிப்பதற்காக அமெரிக்காவின் ராண்ட் நிறுவனத்தில் டானா கோல்ட்மன் குழுவினர் உருவாக்கினார்கள். பின்னர் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் வளர்ந்தது. அதற்கான ஆட்கள் கற்பனையில் பிறந்தவர்கள் அல்லர். மிச்சிகன் பல்கலைக்கழகம் 1992 முதல் நடத்தும் ஆய்வில், ஐம்பது வயதைக் கடந்த சுமார் 20,000 பேரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை திரும்பத் திரும்பச் சந்தித்துக் கேட்கிறார்கள். அந்த மனிதர்களே மாடலின் தொடக்கம்.

இனி ஒரு பெண்ணைப் பார்ப்போம். வயது 67, பிபி உண்டு, சர்க்கரை இல்லை, எடை சற்றுக் கூடுதல், புகைப்பதில்லை. (பின்வரும் நிகழ்தகவுகள் விளக்கத்துக்காக நாங்கள் வைத்தவை.) அவரைப் போன்றவர்களின் பழைய பதிவுகளிலிருந்து, அடுத்த இரண்டு ஆண்டில் அவருக்குச் சர்க்கரை வர 0.07, பக்கவாதம் வர 0.04, இறக்க 0.03 என்று சமன்பாடு சொல்கிறது. கணினி ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் இடையே ஒரு ரேண்டம் எண்ணை எடுக்கிறது. சர்க்கரைக்கு 0.052 விழுகிறது, 0.07-ஐவிடக் குறைவு, ஆகவே சர்க்கரை வந்துவிட்டது. பக்கவாதத்துக்கு 0.61, மரணத்துக்கு 0.88, இரண்டும் இல்லை. இப்போது அவருக்கு 69 வயது, பிபியோடு சர்க்கரையும். அடுத்த சுற்றில் பக்கவாதத்தின் நிகழ்தகவு 0.04 அல்ல; கூடிவிட்டது. இப்படியே இறக்கும்வரை. ஒவ்வொரு சுற்றிலும் அவர் இருக்கும் நிலையைப் பார்த்து மருத்துவச் செலவும், பென்ஷனும், அவர் கட்டும் வரியும் தனியே பதிவாகின்றன.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. நிகழ்தகவைக் கணிக்க, சுற்றின் ஆரம்பத்தில் அவர் இருந்த நிலையையே பயன்படுத்த வேண்டும். அதே சுற்றில் வந்த சர்க்கரையை அதே சுற்றின் பக்கவாதச் சமன்பாட்டுக்குள் நுழைத்தால், ஒரே நோய் இரண்டு முறை வேலை செய்துவிடும். விளைவு ஊதிப் போகும்.

இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, புதிதாக 51, 52 வயதுக்காரர்கள் மாடலுக்குள் வருகிறார்கள். அவர்களிடம் உடல் பருமன், சர்க்கரை போன்றவை எந்தப் போக்கில் மாறி வருகின்றன என்பதை வேறு ஆய்வுகளிலிருந்து எடுத்துப் பொருத்துவார்கள். நீண்டகாலக் கணிப்பை அதிகம் அசைப்பது இந்த ஒரு பகுதிதான். மாடலைப் படிக்கிறவர்கள் இதைத்தான் முதலில் புரட்ட வேண்டும்.

ஆள் ஆளாக ஏன் என்று கேட்டால்: ஆறு நோய்கள், ஒவ்வொன்றும் உண்டு அல்லது இல்லை என்றால் 64 சேர்க்கைகள். புகைப்பழக்கத்தில் மூன்று நிலை, எடையில் நான்கு, அன்றாட வேலைகளைத் தானே செய்துகொள்ளும் திறனில் நான்கு, ஆண் பெண் என்று இரண்டு, பெருக்கினால் 6,144. வயதையும் சேர்த்து அட்டவணை போட்டால் பெரும்பாலான கட்டங்களில் ஒருவர்கூட இருக்க மாட்டார். ஆளைத் தொடர்ந்தால் இந்தத் தொல்லையே இல்லை.

புற்றுநோயை முழுவதும் ஒழித்தாலும் சராசரி ஆயுள் மூன்று ஆண்டுதான் கூடும் என்று படித்தேன். நம்பவே முடியவில்லை.
– கே.வி., ஈரோடு

அமெரிக்காவுக்கு ஏறத்தாழ அதுதான் விடை. காரணம் எளிது: புற்றுநோயில் சாகாதவர் சாகாமலே இருந்துவிடுவதில்லை. அதே வயதில் மாரடைப்பும் பக்கவாதமும் காத்திருக்கின்றன.

நீங்களே பென்சிலால் போட்டுப் பார்க்கலாம். நடுவயதுக்குப் பின் மரண விகிதம் சுமார் 8 ஆண்டுக்கு ஒருமுறை இரட்டிப்பாகிறது. அமெரிக்காவில் மரணங்களில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு புற்றுநோயால்; அதை நீக்கினால் விகிதம் எல்லா வயதிலும் 0.8 மடங்காகிறது என்று வைத்துக்கொள்வோம். 0.8-லிருந்து மீண்டும் 1-க்கு ஏற எவ்வளவு காலம் ஆகும்? 2-ஐ அடிமானமாகக் கொண்ட 1.25-இன் மடக்கை (லாக்) 0.32, எட்டால் பெருக்கினால் சுமார் 2.6 ஆண்டு. அதாவது 70 வயதுக்காரருக்கு 67 வயதுக்காரரின் ஆபத்து, அவ்வளவே. குழந்தைப் புற்றுநோய் போல இளவயதில் தடுக்கும் ஒவ்வொரு மரணமும் பல பத்தாண்டுகளைத் தருகிறது என்பதையும் மறக்கக் கூடாது. சராசரி அதை மூடி மறைக்கிறது.

இந்தக் கேள்வியை இன்னும் ஒரு படி மேலே கொண்டு போனது, கோல்ட்மன் குழு 2013-ல் ‘ஹெல்த் அஃபேர்ஸ்’ இதழில் வெளியிட்ட ஆய்வு. மேலே சொன்ன அதே மாடலில், ஒரு நோயை மட்டும் தள்ளிப்போட்டால் என்ன, முதுமை அடைவதையே மெதுவாக்கினால் என்ன என்று தனித்தனியாக ஓட்டினார்கள். முதுமையை மெதுவாக்கினால் ஆயுள் கூடுதலாக 2.2 ஆண்டு, அதில் பெரும்பகுதி நல்ல உடல்நலத்தோடு. அந்த நலனின் மதிப்பு 50 ஆண்டில் 7.1 டிரில்லியன் டாலர். ஆனால் அரசின் செலவு குறையவில்லை, கூடியது! அதிக நாள் வாழ்கிறவர்கள் அதிக நாள் பென்ஷன் வாங்குவார்கள். தகுதி வயதை உயர்த்தினால் இதை ஈடுகட்டலாம் என்று ஆய்வு சொன்னது. கணக்கு சரி. ஆனால் மூட்டை தூக்கியும் செங்கல் சுமந்தும் உடம்பு தேய்ந்தவருக்கும் நாற்காலியில் வேலை பார்த்தவருக்கும் அதே வயது உயர்வு ஒரே சுமையல்ல. சராசரியை மட்டும் அச்சிடும் மாடல் இதைக் காட்டாது. வருமானம், படிப்பு, வேலை வாரியாகப் பிரித்து ஓட்டச் சொல்லிக் கேட்க வேண்டும்.

பொது சுகாதாரம் படிக்கிறேன். எக்செல்லில் 1,000 முதியவர்களை வைத்து ஒரு மாடல் செய்தேன். பக்கவாதத்தை 10 சதவீதத்திலிருந்து 9 ஆகக் குறைக்கும் திட்டம். மீண்டும் கணக்கிட F9 அழுத்தும்போதெல்லாம் விடை மாறுகிறது. சில முறை திட்டத்தால் பக்கவாதம் கூடுகிறது! எங்கே பிழை?
– மாணவர், வேலூர்

சமன்பாட்டில் பிழை இல்லை. ரேண்டம் எண்களின் இரைச்சல், அதாவது தற்செயலான ஆட்டம், உங்கள் விடையை விழுங்கிவிட்டது.

1,000 பேரில் 10 சதவீதம் என்பது ஒவ்வொரு ஓட்டத்திலும் சுமார் 8.1-லிருந்து 11.9 வரை ஆடும். திட்டம் உள்ள ஓட்டத்துக்கும் இல்லாத ஓட்டத்துக்கும் தனித்தனி ரேண்டம் எண்கள் என்றால், இரண்டின் வித்தியாசம் கூட்டியும் குறைத்தும் 2.6 புள்ளி வரை ஆடும். நீங்கள் தேடுவதோ 1 புள்ளி. ஆட்களை 1,00,000 ஆக்கினால் ஆட்டம் பத்தில் ஒன்றாகும். ஆனால் அதைவிட நல்ல வழி இருக்கிறது.

தனியாக ஒரு ஷீட் திறந்து, ஆளுக்கு ஒரு வரிசை, ‘சுற்று × நிகழ்வு’ ஒவ்வொன்றுக்கும் ஒரு பத்தி என்று வையுங்கள். பத்து சுற்று, மூன்று நிகழ்வு (பக்கவாதம், பிறர் உதவி தேவைப்படுதல், மரணம்) என்றால் 30 பத்திகள், 30,000 எண்கள். ரேண்டம் எண் தரும் RAND() மூலம் நிரப்பி, எல்லாவற்றையும் காப்பி செய்து ‘வேல்யூஸ்’ மட்டும் ஒட்டி உறையவைத்துவிடுங்கள். இரண்டு ஓட்டங்களும் அதே ஷீட்டையே படிக்கட்டும். முதல் சுற்றில் இப்போது நிலை மாறுகிறவர், ரேண்டம் எண் 0.09-க்கும் 0.10-க்கும் இடையே விழுந்தவர் மட்டும்தான்: 1,000 பேரில் ஏறக்குறைய பத்துப் பேர். அந்தப் பத்துப் பேரையும் வரிசை எண்ணோடு உங்களால் சுட்டிக்காட்ட முடியும்.

பிறகு ஆர் அல்லது பைத்தான் என்ற நிரல் மொழிக்கு மாறும்போது ஒரு பொறி காத்திருக்கிறது. இரண்டு ஓட்டத்துக்கும் ஒரே ‘சீட்’ எண் (ரேண்டம் எண் வரிசையைத் தொடங்கிவைக்கும் எண்) கொடுத்துவிட்டோம், போதும் என்று நினைப்பார்கள். ஆனால் இறந்தவருக்கு எண் எடுக்காமல் நிரல் தாண்டிப் போனால், அவருக்கு விழ வேண்டிய எண் அடுத்தவருக்குப் போகும். திட்டத்தால் ஒருவர் பிழைத்த கணத்திலிருந்து இரண்டு ஓட்டங்களும் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் போய்விடும். இறந்தவருக்கும் எண்ணை எடுத்து, பயன்படுத்தாமல் விடுங்கள்.

உங்கள் ஷீட்டில் இன்னொன்றையும் சரிபாருங்கள். இரண்டு ஆண்டு நிகழ்தகவை ஓர் ஆண்டுக்கு மாற்றப் பாதியாக்கினீர்களா? 4 சதவீதத்தில் அது தெரியாது (2.02-க்குப் பதில் 2). 85 வயதுக்கு மேல், இரண்டு ஆண்டு மரண நிகழ்தகவு 36 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள்: சரியான ஓராண்டு எண் 20, பிழைக்கும் 0.64-இன் வர்க்கமூலம் 0.8 என்பதால். பாதியாக்கி 18 போட்டால், இரண்டு ஆண்டில் 1,000 பேரில் 360-க்குப் பதில் 328 பேர் இறப்பார்கள். நீங்கள் கண்டுகொள்ளாமலே 32 பேர் உயிரோடு இருக்கிறார்கள். அவர்களுக்கு மருந்தும் பென்ஷனும் செலவாகிக்கொண்டிருக்கும்.

எடை குறைந்தால் முதியவர் சீக்கிரம் இறக்கிறார் என்று ஒரு மாடல் காட்டுகிறது. நல்ல மருந்து கொடுத்தால் நோயாளிகள் கூடுகிறார்கள் என்கிறது இன்னொன்று. இரண்டும் அபத்தமா?
– டாக்டர் எம்., கும்பகோணம்

முதலாவது பிழை, இரண்டாவது உண்மை.

எண்பது வயதில் எடை குறைகிறது என்றால் பெரும்பாலும் ஏதோ ஒரு நோய் உள்ளே அரிக்கிறது. நோய் எடையைக் குறைக்கிறது. மரணமும் அதே நோயால். சர்வேயில் இரண்டும் சேர்ந்தே தெரிவதால், ‘எடையைக் குறைத்துப் பார்’ என்று ஓட்டும்போது மாடல் ஆளைக் கொல்கிறது. சேர்ந்து வருவதைக் காரணம் என்று எடுத்துக்கொண்டதன் விளைவு இது. இதைத் தவிர்க்க, திட்டத்தின் விளைவை மட்டும் மருந்துச் சோதனைகள் போன்ற நேரடி ஆய்வுகளிலிருந்து எடுத்துப் பொருத்த வேண்டும். சர்வேச் சமன்பாட்டைத் திட்டம் இல்லாத ஓட்டத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

மருந்து விஷயம் வெறும் பெருக்கல். ஆண்டுக்குப் புதிதாக 100 பேர், நோயோடு 10 ஆண்டு வாழ்கிறார்கள் என்றால், எந்த நேரத்திலும் 1,000 நோயாளிகள். மருந்தால் 13 ஆண்டு வாழ்ந்தால் 1,300. எண்ணிக்கை கூடியது வெற்றியின் அடையாளம். அதனால்தான் நோயாளிகளின் எண்ணிக்கையை மட்டும் அச்சிடக் கூடாது. பிறர் உதவியின்றி வாழ்ந்த ஆண்டுகளையும் பக்கத்திலேயே தர வேண்டும்.

எந்த அரசாவது இவற்றைக் கேட்டு முடிவெடுத்திருக்கிறதா?
– பி.ஜே., யாழ்ப்பாணம்

எடுத்திருக்கிறது. நுரையீரல் புற்றுநோய்க்கு ஆண்டுதோறும் குறைந்த கதிர்வீச்சு சி.டி. ஸ்கேன் யாருக்கு என்பதில், அமெரிக்காவின் தடுப்பு மருத்துவப் பரிந்துரைக் குழு 2013-ல் 55 முதல் 80 வயது என்றும், தினம் ஒரு பாக்கெட் வீதம் 30 ஆண்டு புகைத்ததற்குச் சமமானவர் என்றும் வரையறுத்தது. 2021-ல் அது 50 வயது, 20 ஆண்டு என்று தளர்ந்தது. நேரடி மருத்துவச் சோதனைகளில் எல்லா வயதையும் எல்லாப் புகை அளவையும் ஒப்பிட முடியாது. அந்த இடைவெளியை நிரப்பியவை, அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் ஆதரவில் இயங்கும் ‘சிஸ்நெட்’ குழுக்களின் மாடல்கள். ஒரே கேள்வியைப் பல குழுக்கள் தனித்தனி மாடலில் ஓட்டி ஒப்பிடுவார்கள். எங்கள் பார்வையில், பின்பற்றத் தக்க நல்ல வழக்கம் இது.

ஸ்காட்லாந்தில் மதுவுக்குக் குறைந்தபட்ச விலை வைக்கும் சட்டத்துக்கு ஷெஃபீல்டு பல்கலைக்கழக மாடல் முக்கிய ஆதாரம். 2012-ல் நிறைவேறிய சட்டத்தை எதிர்த்து வழக்கு நடந்தது. 2018 மே 1 அன்று, யூனிட்டுக்கு (10 மில்லி தூய ஆல்கஹால்) 50 பென்ஸ் என்று நடைமுறைக்கு வந்தது. நேரடியாக மதுவால் நேரும் மரணங்கள் 13.4 சதவீதம் குறைந்ததாக 2023-ல் மதிப்பிட்டார்கள். முன்கூட்டிச் சொன்னதைப் பின்னால் நிஜத்தோடு வைத்து இப்படி அளப்பது மிக அரிதாகவே நடக்கிறது.

இந்தியாவுக்கு இப்படி ஒன்றைச் செய்யத் தரவு இருக்கிறதா? என்ன தடை?
– என்.எல்., கோயம்புத்தூர்

‘லாசி’ (இந்தியாவில் முதுமை குறித்த நீண்டகாலத் தொடர் ஆய்வு) என்ற சர்வே இருக்கிறது. மும்பையின் சர்வதேச மக்கள்தொகை அறிவியல் நிறுவனம், ஹார்வர்டு மற்றும் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்துடன் சேர்ந்து நடத்தியது. முதல் சுற்றில் 45 வயதைக் கடந்தவர்களும் அவர்களுடைய துணைகளுமாக 72,000-க்கும் மேற்பட்டோர். கேள்வி கேட்டதோடு நில்லாமல் பிபி அளந்தார்கள், கைப்பிடி வலு பார்த்தார்கள்.

முதல் தடை: ஒரே சுற்றை வைத்து, ஒருவர் நிலை மாறியதைப் பார்க்க முடியாது. 67 வயதில் பிபி மட்டும் இருந்தவர் 69-ல் என்ன ஆனார் என்று தெரிய, அதே ஆளை இரண்டாம் முறை பார்த்தாக வேண்டும். அதற்காக வேறு நாட்டுச் சமன்பாட்டைக் கடன் வாங்கினால், அந்த நாட்டின் ஆஸ்பத்திரியும் சாப்பாடும் சேர்ந்தே வந்துவிடும்.

இரண்டாவதுதான் நம் ஊரில் மிகவும் கடிக்கும். ‘உங்களுக்குச் சர்க்கரை இருப்பதாக டாக்டர் சொன்னாரா?’ என்பதே இத்தகைய சர்வேக்களின் வழக்கமான கேள்வி. ஒருமுறைகூடச் சோதிக்காதவர் ‘இல்லை’ என்பார். அவர் பொய் சொல்லவில்லை. 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தைத் தொடங்கி, வீட்டு வாசலுக்கே போய் பிபியும் சர்க்கரையும் பார்த்து மாத்திரை கொடுக்கிறது. அதனால் ‘ஆமாம், இருக்கிறது’ என்பவர்கள் கூடுவார்கள். வாய்ப்பேச்சுத் தரவை மட்டும் தின்ற மாடல் அதைப் பார்த்து நோய் வெடித்துப் பரவுகிறது என்று வாசிக்கும். நல்ல திட்டத்துக்குக் கெட்ட பெயர் வரும். ஆகவே ‘நோய் இருக்கிறது’, ‘இருப்பது தெரியும்’, ‘மாத்திரை சாப்பிடுகிறார்’, ‘கட்டுக்குள் இருக்கிறது’ என்று நான்கு நிலைகளையும் மாடலில் தனித்தனியாக வைக்க வேண்டும். முதலாவதை அளந்த எண்ணிலிருந்தே எடுக்க வேண்டும்.

மூன்றாவது, மாமியாரைக் குளிப்பாட்டும் மருமகளின் நேரம். எந்த பில்லிலும் அது வராது. படுத்த படுக்கையான ஒருவருக்கு ஆகும் செலவில் பெரும்பகுதி அதுதான். நாளைக்கு எத்தனை மணி நேரம், அதற்காக யார் வேலையை விட்டார் என்று கேட்டுப் பதியாவிட்டால், வீட்டுப் பராமரிப்பு இலவசம் என்றே மாடல் முடிவு செய்யும்.

இந்த மாடல்களில் வருங்காலப் பலனை ஆண்டுக்கு 3 சதவீதம் கழிக்கிறார்களே, ஏன்?
– ஒரு வாசகர், புதுச்சேரி

இன்று கையில் உள்ள ரூபாய் நாளைய ரூபாயைவிட மதிப்பு மிக்கது என்பதற்காக. 3 சதவீதத்தில், 20 ஆண்டு கழித்து வரும் 100 ரூபாய்ப் பலன் இன்று சுமார் 55 ரூபாய்; 5 சதவீதத்தில் சுமார் 38. நடுவயதில் பிபியைக் கட்டுப்படுத்தும் திட்டத்துக்குச் செலவு இன்று, பலன் இருபது ஆண்டு கழித்து. டயாலிசிஸ் இயந்திரத்துக்குச் செலவும் இன்று, பலனும் இன்று. அந்தச் சின்ன எண் எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரிகிறதல்லவா? 0, 3, 5 என மூன்று விகிதத்திலும் விடையை அச்சிடாத அறிக்கை வந்தால், அந்த அட்டவணையைக் கேட்டு வாங்குங்கள்.